கயிற்றின் இரு முனைகள்: புக்கிட் காசிங் மலைத்தடத்தில் நாயும் அதன் மனிதரும் – ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

நாய் வளர்ப்பைப் பற்றி நூல்கள் உண்டு. மலையேற்றத்தைப் பற்றியும் உண்டு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்கும் துணிவுதான் அறிஞர்களுக்கு வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் புக்கிட் காசிங். பெட்டாலிங் ஜெயாவும் கோலாலம்பூரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் எல்லைக் குன்று அது. ஒரு காலத்தில் பால்மரக் காடு. பழைய பால்மரங்களை இன்றும் தடத்தோரம் பார்க்கலாம். குன்றின் மேல் சிவன் கோவில் இருக்கிறது. ஜாலான் தஞ்சோங் பக்கம் வனக் கல்விப் பூங்காவின் வாசல்.

ஆய்வுக்கு உட்பட்டோர் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான்வாசிகள். அங்கே அடுக்குமாடிகள் அதிகம். அடுக்குமாடியில் நாய் வளர்க்க விதிகள் இறுக்கம். ஆகவே தரைவீட்டுக்காரர் ஒருவர் பெயரில் உரிமம் இருக்கும், சோறு போடுவது தெருவே சேர்ந்து. நாயை ரயிலில் ஏற்ற முடியாது. எனவே ஞாயிற்றுக்கிழமை விடியலில், காப்சாய் மோட்டாரின் முன்பக்கம் நாயும் பின்னால் அதன் மனிதருமாக வருவார்கள். இருவரில் காற்றை ரசிப்பவர் யார், இருமுபவர் யார் என்பதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

2. இலக்கிய மீள்பார்வை

நாயோடு மலையேறியவர்களில் மூத்தவர் தருமர். மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடதிசை நோக்கி நடக்கிறார்கள். அழைக்காமலே ஒரு நாயும் சேர்ந்துகொள்கிறது. வழியில் திரௌபதி விழுகிறாள். பின்பு சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என வரிசையாக விழுகிறார்கள். நாய் விழவில்லை. மலையேற்றத்தில் உடல் தகுதி பற்றிய முதல் ஒப்பாய்வாக இதைக் கொள்ளலாம்: கதாயுதம் தூக்கியவரும் காண்டீபம் ஏந்தியவரும் தோற்ற தடத்தில், பயிற்சியே இல்லாத நாய் வாசல்வரை வந்தது.

வாசலில் இந்திரன் நிற்கிறான். தேரில் ஏறலாம், நாய்க்கு மட்டும் அனுமதி இல்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமர் மறுக்கிறார். கடைசியில் அந்த நாயே தருமதேவதை என்று தெரிகிறது. இன்று பல வனப்பூங்காக்களின் வாசலில் சிவப்புக் கோடு போட்ட நாய்ப்படம் தொங்குகிறதே, அது இந்திரன் காலத்து விதியின் நேர் வாரிசு. ஆனால் தருமரை மேற்கோள் காட்டிக் காவலரிடம் வாதாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாய் வழி நெடுக யாரையும் பார்த்துக் குரைத்ததாகக் குறிப்பு இல்லை.

தமிழில் வில்லிபாரதம் பத்துப் பருவத்தோடு நின்றுவிட்டதால், இந்த நாய் அதில் இடம்பெறும் வாய்ப்பை இழந்தது. பைரவரின் வாகனமாக நின்று, சிவன் கோவிலில் அது தன் இடத்தை மீட்டுக்கொண்டது.

3. தோட்டத்துத் தோற்றக் கொள்கை

நடக்கும் நாய் ஏன் மரத்துக்கு மரம் நிற்கிறது? இக்கேள்விக்கு விலங்கியலார் தரும் விடை அனைவரும் அறிந்ததே. இக்கட்டுரை வேறொரு கருதுகோளை முன்வைக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் மிகுதி, பால் நன்றாக இறங்கும். அதனால்தான் அந்த இருட்டு வேலை. நெற்றியில் விளக்கு, கையில் கத்தி, பின்னால் லயத்து நாய். பால்வெட்டுக்காரர் ஒரு மரத்தில் நிற்பார், வெட்டுவார், மங்கை நிமிர்த்தி வைப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். நாயும் அப்படியே நிற்கும், நகரும். தலைமுறை தலைமுறையாக வந்த இப்பயிற்சியை, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்த பிறகும் நாய்கள் விடவில்லை. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று மரத்திலிருந்து நீர்மம் எடுக்கப்பட்டது. இன்று மரத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

4. காலமும் வெப்பமும்

1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால் இங்கே ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். இந்த அறிவிப்பு நாய்களுக்குச் சேரவில்லை. ஐந்தரை மணிக்கே அவை கதவைப் பிறாண்டுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இவ்விஷயத்தில் நாய் சொல்வதே சரி. மனிதருக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். மற்ற வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் அந்த வழியும் மந்தம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். பத்து மணிக்கு எழுந்து, பசியாறி, படம் எடுத்துப் போடுவதற்காக மலைக்கு வருவோரை இவ்வாய்வு 'உச்சிவெயில் பிரிவினர்' என வகைப்படுத்துகிறது. அவர்களுடைய நாய்கள் இவ்வகைப்பாட்டுக்கு ஒப்புதல் தந்தன.

5. நாய்களின் வகைப்பாடு

அ) இழுவை இயந்திரம்: மனிதர் ஏறவில்லை, ஏற்றப்படுகிறார். இறங்கும்போதும் அதே வேகம் என்பதைப் பலர் பிறகே உணர்கிறார்கள்.

ஆ) ஆராய்ச்சியாளர்: மனித மூக்கில் நுகர் ஏற்பிகள் சுமார் 60 லட்சம், நாய்க்கு 20 முதல் 30 கோடி வரை. ஆகவே ஒரு புதருக்குள் நேற்று முழுவதும் நடந்தது அதற்குத் தெரியும். இதன் மனிதர் ஒரு மணி நேரத்தில் குன்றின் பாதியைக்கூடக் கடப்பதில்லை.

இ) அரசு ஊழியர்: குறித்த இடம் வந்ததும் உட்கார்ந்துவிடும். கெஞ்சல், அதட்டல், பிஸ்கட் எதுவும் செல்லாது. தூக்கிச் சுமப்பதே ஒரே மேல்முறையீடு.

ஈ) சுயேச்சை: கயிறும் இல்லை, உரிமையாளரும் இல்லை. வாசலில் யாரோடாவது சேர்ந்து மேலே போய், வேறு யாரோடாவது கீழே வரும். தருமரோடு போனது இந்த வகைதான்.

மனிதர்களை வகைப்படுத்த இயலவில்லை. மலையில் நாய்களுக்குத்தான் பெயர் உண்டு. ரோக்கியின் அப்பா, மணியின் அக்கா என்றே அவர்கள் பல வருடங்களாக ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள்.

6. திசை பற்றிய இடைக்குறிப்பு

இது நகைச்சுவை அன்று. 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காகச் செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தார்கள். 1,893 முறை மலம் கழித்ததையும் 5,582 முறை சிறுநீர் கழித்ததையும் திசைமானியோடு பதிவு செய்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில், நாய்கள் தம் உடலை வடக்கு–தெற்காக வைத்து மலம் கழிக்கவே விரும்புகின்றன என்று முடிவு சொன்னார்கள். 2014-ல் அதற்கு இக்நோபல் பரிசும் கிடைத்தது. தருமரின் நாய் வடக்கே போனதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

புக்கிட் காசிங்கில் திசை இரண்டாம்பட்சம். இங்குள்ள நாய்கள் அதிகக் கூட்டம் உள்ள இடத்தையே தேர்ந்தெடுக்கின்றன. அவ்வேளையில் மனிதர்கள் எத்திசையை நோக்குகிறார்கள் என்பதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. பை கொண்டுவந்தவர் கீழே பார்க்கிறார். கொண்டுவராதவர் வானத்தில் ஏதோ பறவையைப் பார்க்கிறார்.

7. கயிற்று விதி

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இது: கயிறு எவ்வளவு நீளமோ, 'கடிக்காது' என்னும் சொல் அவ்வளவு அடிக்கடி ஒலிக்கும். கயிறே இல்லாதவர் அதை மூன்று மொழிகளில் சொல்கிறார்: "கடிக்காதுங்க, அங்கிள்!", "தா கிகிட், பாங்!", "டோன்ட் வொரி, ஆன்ட்டி!" கயிற்றைக் கையோடு சுருக்கிப் பிடித்தவருக்கு அச்சொல்லே தேவைப்படுவதில்லை. அவர் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

மறுப்பு ஒன்று எழலாம்: கடிக்காத நாயைக் கட்டுவது அநியாயம் அல்லவா? விடை: கடிப்பது மட்டும் பிரச்சினை அன்று. இம்மலை பலருக்கும் பொது. இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நாய் பாசத்தோடு ஓடி வந்து ஒரு முஸ்லிமை ஒரு நக்கு நக்கினாலும், அவருடைய ஞாயிற்றுக்கிழமை அத்தோடு வேறு திசைக்குப் போய்விடும். அவருக்கு நாய்மீது வெறுப்பு என்றும் முடிவு கட்டக் கூடாது. 2014 அக்டோபரில் இதே பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில், நாயைத் தொட்டுப் பார்க்க விரும்பிய முஸ்லிம்களுக்காக நடந்த நிகழ்ச்சிக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். தொடலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். நாய் முடிவு செய்யக் கூடாது. நீளவால் குரங்கும் உடும்பும் இம்மலைக்கு நமக்கு முந்திய குடிகள். அவற்றைத் துரத்தும் உரிமையும் உரிமத்தில் எழுதப்படவில்லை.

8. முடிவுரை

கயிற்றின் ஒரு முனையில் நாயைக் கட்டியிருக்கிறோம் என்பது பொதுவான நம்பிக்கை. மறுமுனையில் இருப்பவரையும் அது கட்டுகிறது என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு. நாய்க்கு மலை தெரியும், மூக்கு வழி காட்டும், நேரமும் தெரியும். ஒழுங்கு கற்க வேண்டியவர் அதன் மனிதரே. இந்திரனின் விதி ஒருநாள் புக்கிட் காசிங் வாசலிலும் தொங்குமானால், நாய் செய்த குற்றத்துக்காகத் தொங்காது.

ஆகவே கம்போங் மேடான்வாசிகளுக்கும் மற்றவர்களுக்கும் பரிந்துரை: கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். நாய்க்கென்று தனித் தண்ணீர், போதுமான பைகள், கழுத்தில் உரிம வில்லை, வீடு திரும்பியதும் காதுமடலில் உண்ணி இருக்கிறதா என்று ஒரு பார்வை. இவற்றோடு வாருங்கள். 'கடிக்காது' என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.