தண்ணீருக்குப் பயந்த இரண்டு நாய்கள்

வாளியில் மக் முட்டும் சத்தம் கேட்டால் போதும், லட்டு காணாமல் போய்விடும். கொல்லையில் அடுக்கிய விறகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு இருக்கிறது. அதற்குள் பின்பக்கமாகவே நுழைந்து, வாலை வயிற்றோடு ஒட்டி, காதை மடக்கி, மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும். கை வைத்துப் பார்த்தால் உடம்பு முழுக்க நடுக்கம். நாலு கிலோ கூடத் தேறாத வெள்ளைச் சடைநாய். மகள் வேலை மாற்றலில் வெளியூர் போனபோது திருமானூரில் எங்களிடம் விட்டுப் போனாள். வந்த முதல் வாரமே, குளிப்பாட்டத் தூக்கிய என் மனைவியின் தோளைப் பிறாண்டிவிட்டு ஓடியது.

எதிர் வீட்டுப் பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தண்ணியக் கண்டு இந்த நடுங்கு நடுங்குதே, வெறி கிறி புடிச்சிருக்கப் போவுது. பாத்துக்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. இதே சொல்லை இதே ஊரில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டவன் நான்.

அப்போது எங்களுக்கு மாவட்டம் திருச்சி. பெரம்பலூர் பிரிந்தது 1995-இல், அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்தது எல்லாம் அதற்கும் பிறகு. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் தஞ்சாவூரையும் திருச்சியையும் புரட்டிப் போட்டது. மழை விட்ட மறுநாள் கொள்ளிடக் கரையில் நாணலோடு நாணலாக ஒதுங்கிக் கிடந்த ஒரு குட்டியை அப்பா வேட்டி மடியில் போட்டு எடுத்து வந்தார். கறுப்பு. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வெள்ளம் அடித்து வந்ததா, யாராவது விட்டுப் போனார்களா, தெரியாது. அடுப்படியில் சாக்கில் சுற்றி வைத்து, பஞ்சில் பால் நனைத்துப் பாட்டிதான் பிழைக்க வைத்தாள். கருப்பன் என்று பெயர்.

கருப்பன் வளரவே இல்லை. நாட்டு நாய்களில் அது குட்டை ரகம், முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். அதற்குத் தண்ணீர் ஆகாது. குடிக்கும், சட்டியில் வைத்தால் நக்கி நக்கிக் குடிக்கும். மேலே பட்டால்தான் பிடிக்காது. மழை தூறினால் திண்ணைக்கு அடியில் போய்விடும். நாங்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் கரை மேட்டிலேயே உட்கார்ந்து, நாங்கள் முங்கி எழும் வரை குரைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் கிடந்த குட்டிக்கு அந்தப் பயம் இருக்காதா? அதை அன்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் நாயைக் குளிப்பாட்டும் வழக்கமே எங்கள் தெருவில் இல்லை. மாட்டைத்தான் குளிப்பாட்டுவார்கள்.

1980 மாட்டுப் பொங்கல் காலை. ஊர் மாடெல்லாம் ஆற்றில் நிற்கிறது. வைக்கோலைச் சுருட்டி முதுகு தேய்ப்பவர்கள், கொம்புக்கு வர்ணம் கரைத்து வைத்திருப்பவர்கள், ஆறு முழுக்கக் கூச்சல். எனக்குப் பன்னிரண்டு வயது. நம் வீட்டு மாட்டுக்கு மட்டும் பொங்கலா, கருப்பனுக்கும் பொங்கல்தான் என்று கழுத்தில் தாம்புக் கயிறு கட்டி இழுத்துப் போனேன். கரை வரை வந்தது. தண்ணீர் தெரிந்ததும் நாலு காலையும் மணலில் ஊன்றி மல்லுக்கு நின்றது. நான் விடவில்லை. முழங்கால் ஆழத்தில் தூக்கிப் போட்டேன். கயிறு கழுத்தை இறுக்கியதில் வாயெல்லாம் நுரை. கண் பிதுங்கிக் கத்தியது. மறுபடி பிடித்து அமுக்கப் போனபோது வலது மணிக்கட்டில் கடித்துவிட்டுக் கரையேறி ஓடியது.

"தண்ணியப் பாத்து பயப்படுது, நுரை தள்ளுது, வளத்தவனையே கடிக்குது. வெறிநாய்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மாட்டுக்குக் கொண்டு வந்திருந்த கழிகளோடு பத்துப் பேர் ஓடினார்கள். கருப்பன் எங்கள் வீட்டை நோக்கித்தான் ஓடியது. வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது விழுந்த முதல் அடியைப் பார்த்தேன். பிறகு பாட்டி என் முகத்தைத் தன் முந்தானையில் அமுக்கிக்கொண்டாள். மதியத்துக்குள் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டார்கள்.

என்னைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் அப்பா. டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "நாய் உயிரோட இருக்கா?"

"அடிச்சிட்டாங்க சார்."

"ஏன்யா அடிச்சீங்க? கட்டிப் போட்டுப் பத்து நாள் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. இனி ஒண்ணும் பண்ண முடியாது. பதினாலு ஊசியும் போட்டாகணும்."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள், நாளைக்கு ஒன்று. ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம். ஆட்டின் மூளையிலிருந்து செய்த மருந்து அது. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நம் பக்கத்துக்கெல்லாம் பல காலம் அதைத் தயாரித்துக் கொடுத்தது. எத்தனையோ உயிரைக் காத்த மருந்துதான். ஆனால் ஊசி ஏறிய இடம் எலுமிச்சை அளவு வீங்கும். சிலருக்குக் கைகால் இழுத்துக்கொள்வதும் உண்டு என்று யாரோ சொல்லிவிட, அம்மா தினமும் ராத்திரி என் பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். 2004-ஓடு இந்தியாவில் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது நாலைந்து ஊசிதான், அதுவும் கையில்.

பிறகு வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அந்த ஊசியை விட வலித்தது. ரேபிஸ் வந்த நாய்க்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது. அது மனிதனுக்கு வரும் அறிகுறி. நோய் முற்றிய மனிதன் ஒரு மடக்கு விழுங்கப் போனாலே தொண்டைத் தசை வெட்டி இழுக்கும். அந்த வேதனையில் தம்ளரைக் கண்டாலே பதறுவான். அதனால்தான் மனித நோய்க்கு நீர்வெறுப்பு என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தூக்கி நாயின் தலையில் கட்டிவிட்டோம். நோய் வந்த நாய்க்குத் தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும், கல்லையும் மண்ணையும் கடிக்கும், காரணமில்லாமல் எதிர்ப்பட்டதை எல்லாம் கவ்வும், பின்னங்கால் தள்ளாடும். தண்ணீரைக் கண்டு அது ஒதுங்காது, ஆற்றை நீந்திக் கடக்கவும் செய்யும். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளைக்கு மேல் நல்லபடியாக இருக்காது. அதற்குள் நோய் வெளியே தெரிந்துவிடும், செத்தும் போகும். கருப்பன் இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தண்ணீருக்குப் பயந்துகொண்டே எங்களோடு நல்லபடியாக வாழ்ந்தது. அதற்கு வெறி இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பயத்தைப் பத்துப் பேருக்கு முன்னால் கயிறு கட்டி இழுத்துக் காட்டியவன் நான்.

ஆகவே லட்டு விறகிடுக்கில் நடுங்கியபோது நான் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். மருத்துவரம்மா தடுப்பூசி அட்டையைப் பார்த்தார், போட வேண்டியதைப் போட்டார். பிறகு கேட்டார், "எங்க வச்சு குளிப்பாட்டுறீங்க?" பாத்ரூமில் என்றேன். "டைல்ஸ்ல கால் வழுக்கும்ங்க. நிக்கவே முடியாத இடத்துல மேல தண்ணி ஊத்தினா யாருக்குத்தான் பயம் வராது?" இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாதது அது.

அவர் சொன்னபடிதான் செய்தோம். கொல்லையில் வெயில் விழும் இடத்தில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி, அதன் அடியில் நனைத்த கோணிச் சாக்கு. முதல் வாரம் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாக்கின் மேல் ஒரு துண்டு பொறை வைப்போம். லட்டு எட்டிப் பார்த்து, கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடும். நாலாம் நாள் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தது. ஏழாம் நாள் உள்ளேயே நின்று மென்று தின்றது. இரண்டாம் வாரம் விரலளவு தண்ணீர், கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. மூன்றாம் வாரம் துணியை நனைத்துக் காலில் மட்டும் பிழிந்தோம். மக் வேண்டாம் என்று வைத்துவிட்டோம், அந்தச் சத்தமே அதற்கு எமன். நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகள் கூட நாய்க்குக் கேட்கும், வாளியும் மக்கும் உரசுவது அதன் தலைக்குள் எப்படி இருக்குமோ.

ஐந்தாம் வாரம்தான் முழுக் குளியல். பின்னங்காலில் தொடங்கி முதுகு, வயிறு, கழுத்து என்று மேலே வந்தோம். முகத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. காதுக்குள் தண்ணீர் போனால் சீழ் வைக்கும் என்பதால் பஞ்சு வைத்தோம். நாம் போடும் சோப்பு கூடாதாம். நம் தோலில் இருக்கும் புளிப்புத் தன்மை நாய்த் தோலில் அவ்வளவு கிடையாது, நம் சோப்பு அதன் தோலை வறட்டி அரிப்பு எடுக்க வைக்கும். நாய்க்கென்று விற்கும் ஷாம்புவில் ஒரு மூடி போதும். மாதம் ஒரு குளியல் தாராளம். விரலால் சடையை விலக்கித் தேய்க்கும்போதுதான் காதுமடலின் பின்னால் மிளகு அளவில் இரண்டு உண்ணி கண்ணில் பட்டது. குளிப்பாட்டாமலே விட்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

நனைந்த லட்டு பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. சடைக்குள் இத்தனை சிறிய உடம்பா என்று பதறிவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. கையை எடுக்காமல், "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மெல்ல அடங்கியது. துண்டைப் போர்த்தித் தூக்கியபோது ஒரு சிலுப்பு சிலுப்பி என் சட்டையை நனைத்துவிட்டு, மணிக்கட்டை நக்கியது. வலது மணிக்கட்டு. கருப்பனின் பல் பதிந்த தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது.

சாயங்காலம் அதை ஆற்றுப் பக்கம் அழைத்துப் போகிறேன். கொள்ளிடம் இப்போதெல்லாம் மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் உபரி திறந்தால்தான் கரை தொட்டு ஓடுகிறது. மற்ற நாளில் மணலும் நாணலும்தான், நடுவே நூல் பிடித்தாற்போல ஓர் ஓடை. கருப்பனைப் புதைத்த இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை. ஓடைக்கு நாலடி தள்ளி லட்டு நின்றுவிடும். நானும் நின்றுவிடுவேன். கயிற்றை இழுப்பதில்லை.

எதிர் வீட்டுப் பெரியவரிடம் எல்லாம் விவரமாகச் சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குப் பயப்படும் நாயை அடிக்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும், குளிப்பாட்டும்போது வீட்டு நாயின் பல் பட்டாலும், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள், அரசு மருத்துவமனையில் அது இலவசம். நாயைக் கட்டிப் போட்டுச் சோறும் தண்ணீரும் வைத்துப் பத்து நாள் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதற்குத் தடுப்பூசி போடுங்கள். ஜூலை 6-ஆம் தேதியையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், காசு வாங்குவதில்லை. இந்த வருஷம் லட்டுவைத் தூக்கிக்கொண்டு நாங்களும் வருவோம்.