மூன்று அண்ணன்களும் மூன்று கவுண்டர்களும்

காஞ்சிபுரம் சாமிகளுக்குச் சௌகரியமான ஊர். கரிராமனுக்கு மட்டும் அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம், கிளம்பிவிட்டார். சாமி போனால் பூசாரி பின்னால் போகலாம், நியாயம். இங்கே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் பெண்டு பிள்ளைகளோடு பின்னாலேயே நடந்தார்கள். மலையாளிப் பழங்குடியினர் சொல்லும் பூர்வ கதை இதுதான். (கேரளத்துச் சேட்டன்களைத் தேடி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு பஸ் ஏறாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ்.) எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்று மட்டும் கேட்கக்கூடாது. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் என்று கதைக்குக் கதை ஆள் மாறும். பெரியவரை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

மலை காலி மனை இல்லை. வேடர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு, அவர்களுடைய பெண்டாட்டிகளைக் கட்டிக்கொண்டார்களாம். அதை மறக்காமலிருக்க, கல்யாணத்தன்று வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடிப்பது அந்தக் காலத்து வழக்கம். வேடப் புருஷன் செத்ததற்கு அடையாளம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் வெளியான தன் தடிமனான தொகுதிகளில் தர்ஸ்டன் துரை இதைப் பதிந்துவைத்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பழைய புருஷனைச் சுட்டுவிட்டுப் பந்திக்கு உட்காரும் சம்பந்திகளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அண்ணன்மார் காஞ்சியிலிருந்து துப்பாக்கியும் தூக்கிக்கொண்டா வந்தார்கள் என்று துரை கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் தரப்புக் கதையையும் யாரும் கேட்கவில்லை.

கல்வராயன் மலையைப் பிடித்தவர்கள் நிம்மதியாகச் சாமையும் தினையும் விதைத்தார்களா என்றால், தலைக்கு மேல் மூன்று ஜாகீர்தார்கள்: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்று பேச்சு. ராயர் போனார், நவாப் போனார், கும்பெனியும் போனது. கவுண்டர்கள் மட்டும் அசையவில்லை. குடிகள் வரியும் கட்ட வேண்டும், கூலியில்லாமல் வெட்டி வேலையும் பார்க்க வேண்டும்.

கீழே 1947-ல் கொடி ஏறியது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன் ஏற்றத்தில் சட்டத்துக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும். மலையுச்சிக்கு வந்துசேர மேலும் இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கொண்டது. அரசாங்கம் ஜாகீர்களைக் கையகப்படுத்தியது 1976-ல்தான். அப்போது நெருக்கடி நிலை. கள்ளக்குறிச்சி டீக்கடையில் அரசியல் பேசுகிறவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பேசிய அந்த வருஷத்தில்தான், மலைமேல் இருந்தவனுக்கு, ‘இனிமேல் வெட்டிக்கு வரமாட்டேன், சாமி’ என்று சொல்லச் சட்டம் துணைக்கு வந்தது.