தலைகீழாய்க் கேட்டாலும் நேராய்ப் பதில்

கே: யோகாவில் ஏன் மாமா இத்தனை வகை? (புக்கிட் ரோத்தான்)

ப: பாதி வகைக்கு மாவு ஒன்றுதான். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் அரைத்தது. பட்டாபி ஜோயிஸ் வேகவேகமாக வார்த்தார்: அஷ்டாங்க வின்யாசம். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் கயிறு, பெல்ட், மரக்கட்டையோடு கோணம் பிசகாமல் வார்த்தார்: ஐயங்கார் யோகம். சட்னி அவரவர் இஷ்டம்.

கே: திருமூலர் சொன்ன அட்டாங்கமும் அதுவும் ஒன்றா? (ஈஜோக்)

ப: திருமந்திரத்தில் ஆசனம் மூன்றாம் படி. இயமம், நியமம் ஏறிவிட்டுத்தான் அங்கே வரவேண்டும். இப்போது நேரே லிஃப்ட்.

கே: ஹாட் யோகா கற்கக் கோலாலம்பூர் போகலாமா? (ராஜா மூசா)

ப: சுமார் 40 டிகிரி அறை, 26 ஆசனம், 90 நிமிடம். செம்பனைக் காட்டில் மத்தியானம் அண்ணாந்து குலை வெட்டுகிறவனிடம் சொல்லிப் பாரும். சம்பளம் எவ்வளவு என்பான்.

கே: தொப்பை குறைய எந்த ஆசனம்?

ப: ராத்திரி பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் கடையிலிருந்து எழும் ஆசனம்.

கே: யோகாவுக்கும் நம்ம தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்? (தஞ்சோங் காராங்)

ப: பத்தமடை டாக்டர் குப்புசாமி 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பான் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் நம் பாட்டன்மாருக்கு மருந்து கொடுத்தார். 1923இல் மூட்டை கட்டி, ரிஷிகேஷ் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். பத்தமடை எதற்குப் பேர்போனது? பாய்க்கு. யோகா மேட்டும் அவர் ஊர்ச் சரக்கு!

கே: என் பாட்டி யோகா படித்ததில்லை. ஆனால் உடம்பு வில்லாய் வளையும். எப்படி?

ப: நெற்றியில் விளக்கு, விடியுமுன் பிரட்டு. ரப்பர் மரத்தடியில் முழங்கால் மடக்கி, பட்டையில் சரிவாகக் கத்தியை இழுத்து, பால் பிடிக்கும் மங்கைச் சரியாக வைத்து நிமிர வேண்டும். அடுத்த மரம். அப்படி நூற்றுக்கணக்கில். எந்தக் குருவும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. கிராணி செக்ரோலில் பாட்டி பெயரைத்தான் வைத்தார். முதுகு வலிக்கிறதா என்றும் ஒருநாள் கேள்.

கே: முஸ்லிம் நண்பரை வகுப்புக்கு அழைக்கலாமா?

ப: 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் கூடாது என்றது. சில நாளில் பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் ஓதாத உடற்பயிற்சி என்றால் பரவாயில்லை என்றார். முடிவு நண்பருடையது. நீ பசியாறக் கூப்பிடு.

கே: துணியில் அந்தரத்தில் தொங்கும் யோகா நம்ம பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு எப்போது வரும்?

ப: 'பெர்ஜுந்தாய்' என்றாலே மலாயில் தொங்குவதுதான். ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி இறக்கிவிட்டார்கள். லேட்டாகக் கேட்கிறாய், தம்பி.