லிங்க் வள்ளல்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றால், நாலு தெரு தள்ளியிருக்கும் நம் லிங்க் வள்ளலுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். காலை நடையில் வந்து வழிமறிப்பார். "எந்த பிராஞ்ச்? கம்ப்யூட்டர் சயின்ஸா? அடடா! பையன் நம்பரைக் கொடுங்க, நான் பாத்துக்கறேன்." கொடுத்தீர்களோ, போச்சு. நீங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பையனின் போன் 'டிங் டிங்' என்று அலறிக்கொண்டிருக்கும்.

அனுப்புகிற சரக்கைக் குறை சொல்ல முடியாது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள், ஹார்வர்டில் டேவிட் மேலன் நடத்தும் சிஎஸ்50, ஆலன் டௌனி இலவசமாகவே படிக்கத் தரும் 'திங்க் பைத்தான்' புத்தகம். எல்லாமே தங்கம். ஆனால் எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து சேரும். கூடவே இருபது டெலிகிராம் சேனல், ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டர், 'ரோட்மேப்' என்று அம்புக்குறிகள் பின்னிக்கிடக்கும் ஒரு படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எங்கே தொடங்குவது என்பது மட்டும் தெரியாது.

பாலகுருசாமியின் சி புத்தகத்தையோ கனேத்கருடையதையோ பாதி விலையில் பழைய புத்தகக் கடையில் வாங்கி, முந்தைய சொந்தக்காரர் அடிக்கோடிட்ட வரிகளை மட்டும் படித்தே வேலைக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்கு வேறு புத்தகமும் இல்லை, வள்ளலும் இல்லை.

வள்ளலுக்குக் கொள்கைகளும் உண்டு. திங்கட்கிழமை, "முதல்ல சி படிக்கணும், அதான் அஸ்திவாரம்" என்பார். வியாழக்கிழமை, "சி எல்லாம் இப்ப யார் படிக்கறா? ஜாவாஸ்கிரிப்ட்!" அண்ணா பல்கலைக்கழகத்தின் அப்போதைய 2021 பாடத்திட்டத்தில் பையனுக்கு முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வைத்திருந்தார்கள், ஹனாய் கோபுரக் கணக்கு உட்பட ஐந்து யூனிட் முடித்தாக வேண்டும் என்ற சின்ன விஷயமெல்லாம் அவர் காதில் ஏறாது.

ஒருநாள் பையன் அப்பாவியாகக் கேட்டான். "அங்கிள், ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் பிரிண்ட் பண்ணச் சொன்னேன். ஒண்ணு ஒண்ணுன்னு வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது." லேப்டாப்பையும் அவர் பக்கம் திருப்பிவிட்டான். வள்ளல் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி வீட்டில் இருக்கிறதாம். "ரொம்ப நல்ல கேள்வி தம்பி. இதுக்குன்னே ஒரு அருமையான வீடியோ வச்சிருக்கேன்." வந்தது. நாலு மணி நேரம் ஓடக்கூடியது.

இவர் மட்டும் எப்படிப் படித்தார் என்று கேட்கிறீர்களா? தள்ளுபடி விலையில் கோர்ஸ் வாங்குவது அவருக்கு ஒரு விரதம். 'இன்றே கடைசி' என்று வாராவாரம் அறிவிப்பார்கள், வாராவாரம் இவரும் நம்புவார். ஒவ்வொரு கோர்ஸிலும் இன்ஸ்டலேஷன் வீடியோ வரை சரியாகப் போயிருக்கிறார். எடிட்டருக்குக் கறுப்புப் பின்னணி வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் தங்கள் சி புத்தகத்தின் முதல் நிரலாகக் கொடுத்த 'ஹலோ வேர்ல்டு' இருக்கிறதே, அதை ஏழெட்டுக் கணினி மொழிகளில் எழுதியிருக்கிறார். எந்த மொழியிலும் உலகத்துக்கு வணக்கம் சொன்னதோடு சரி. இரண்டாவது வாக்கியம் பேசியதில்லை.

பையனின் அம்மா, "தமிழ்ல ஏதாவது புக் இருக்கா சார்?" என்று கேட்டபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "தமிழ்லயா? அதெல்லாம் ஸ்டாண்டர்டா இருக்காதும்மா." கணியம் அறக்கட்டளை எளிய தமிழில் கணினி நூல்களை இலவச மின்னூலாகவே வெளியிடுகிறது. அதுகூட வேண்டாம், பரணைப் பார்த்திருந்தாலே போதும். அக்கா படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், தமிழ் வழி, பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்த கட்டில் கிடந்தது. லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி என்று பைத்தான் பாடம் முழுசாக அதில் இருக்கிறது. பையன் பயாலஜி குரூப் என்பதால் அதைத் தொட்டதே இல்லை.

எடுத்தான். எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பார்த்தான். வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளிக்குப் பைத்தானில் எவ்வளவு மரியாதை என்று அங்கேதான் பிடிபட்டது. எண்ணை ஒன்று கூட்டும் வரி லூப்புக்கு வெளியே, இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை நாலு ஸ்பேஸ் உள்ளே தள்ளினான். பத்து வந்ததும் லூப் நின்றது. போனை சைலன்டில் போட்டுவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டான்.

இன்டர்னல் மார்க் வந்த அன்று வள்ளல் என்னிடம், "பாத்தீங்களா, நான் அனுப்பின லிங்க் வேலை செஞ்சிருக்கு" என்று பூரித்துப்போனார். அவருடைய லிங்க்குகளில் ஒன்றைக்கூடப் பையன் திறக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. நல்ல மனுஷர், மனசைப் புண்படுத்துவானேன்?

இப்போது அவர் ஏ.ஐ. பக்கம் போய்விட்டார். இனிமேல் யாரும் புரோகிராமிங் கற்கவே தேவையில்லையாம். அதை விளக்க மூன்று மணி நேர வீடியோ ஒன்று வைத்திருக்கிறார். இன்னும் பார்க்கவில்லையாம். உங்களுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பச் சொல்கிறேன்.