அந்தோனியாரின் சங்கடம்

மாசி, பங்குனிப் பக்கம் கச்சதீவில் அந்தோனியார் திருவிழா. மன்னார்ப் பேசாலையிலிருந்து போனவர் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறார்: "இந்தியன் இழுவைப் படகு எங்கட கடலுக்கு வரக்கூடாது, சாமி." பக்கத்தில் முழந்தாளிட்ட ராமேஸ்வரத்துக்காரர் கேட்பது: "நேவிக்காரன் கண்ணில் படாமல் போய்வரணும், சாமி." இருவரும் பேசுவது ஒரே தமிழ். மொழி புரியவில்லை என்றுகூடப் புனிதர் தப்பிக்க முடியாது.

தொலைந்த பொருளை மீட்டுத் தருபவர் என்று பெயரெடுத்தவர் அவர். ஆனால் மன்னார்க்காரரின் வலை தொலையவில்லை. இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது புனிதருடைய இலாகாவா, இலங்கைக் கடற்படையின் இலாகாவா? 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கச்சதீவை இலங்கைக்குத் தந்தது. 2017இல் இழுவைமடித் தொழிலையே இலங்கை நாடாளுமன்றம் தடைசெய்தது. மீனுக்கும் படகுக்கும் இன்னும் யாரும் இவற்றை வாசித்துக் காட்டவில்லை போலும்.

மன்றாட்டு பலிக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. திருவிழா நாட்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் தொழிலுக்குப் போவதில்லை. மன்னார்க் கடல் அமைதியாகிவிடுகிறது. ஆகவே, விழாவை நடத்தும் யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கு ஒரு பணிவான விண்ணப்பம்: திருவிழாவை வாரம் மூன்று நாள் வையுங்கள். திங்கள், புதன், சனி என்றால் மிகவும் வசதி. ராமேஸ்வரம் படகுகள் வருகிற நாட்கள் அவைதான்.