உங்கள் மகன் கட்டும் கப்பல்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மூத்த மகன் ரெலிபோனில் "வள்ளம் ஒண்டு வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறன்" என்று சொன்னதாகவும், நீங்கள் அதை வல்வெட்டித்துறைச் சந்தியில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவதாகவும் மாமி சொன்னா. பெருமையைக் கொஞ்சம் ஆறப் போடுங்கள். ஊரில் இருந்தவரை, கடற்கரைக்கு வந்தாலும் செருப்பில் மண் ஒட்டும் என்று றோட்டிலேயே நின்ற பிள்ளை அவன். உண்மை நிலவரத்தைத் தகப்பனுக்கு அறிவிப்பது மருமகன் கடமை.

அவன் வாங்கியது கனூ. பதினாறடி நீளம், நடுவில் மூன்றடி அகலம், பைபர் கிளாஸ், பாரம் முப்பது கிலோவளவு. ஆரோ பாவித்து விட்டது. எஞ்சின் இல்லை, பாய் இல்லை, சொல்லும்படி ஏராவும் இல்லை. இந்த நாட்டின் பூர்வகுடிகள் பேர்ச் மரப் பட்டையை உரித்து, ஸ்புரூஸ் மர வேரால் தைத்து, அந்த மரத்துப் பிசினாலேயே பொருத்தை அடைத்துச் செய்துவந்த சாமான். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் காடு வந்தால் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் இரண்டரை லட்சம் ஏரிகள். ஆகவே தண்ணீரில் ஓடுவது இதற்குப் பாதி உத்தியோகம், மனிதன் தோளில் ஏறிப் போவது மற்றப் பாதி.

1944 இல் கிரம்மன் என்ற அமெரிக்க விமானக் கம்பனியின் அதிகாரி ஒருவர், மரத்தாலும் கன்வஸ் துணியாலும் செய்த கனூவைக் காட்டுக்குள்ளால் சுமந்து களைத்துப்போனார். விமானத்துக்கு அடிக்கிற அலுமினியத்தில் இதையும் அடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. யுத்தம் முடிந்த கையோடு கம்பனி அலுமினியக் கனூ செய்து விற்கத் தொடங்கிவிட்டது. தோளில் சுமந்தவர் திருத்தினால் பாரத்தைத்தான் குறைப்பார். உங்கள் மகன் எதிர்ப்பக்கமாகப் போகிறான்.

பீற்றர்பரோ நகரத்தில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கனூவும் கயாக்குமாக 600 க்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் போனோம். நான் அவற்றின் வடிவைப் பார்த்தேன். அவன் எந்த இடத்தில் துளை போடலாம் என்று பார்த்தான்.

முதல் திருத்தம், பக்க மிதவை. இவனுக்கு எழுந்து நின்று தூண்டில் எறிய வேண்டுமாம். மூன்றடி அகலத்தில் எழுந்து நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்காலில் இருந்தால் பாரம் கீழே இறங்கி ஆட்டம் குறையும். பூர்வகுடிகள் அப்படித்தான் வலித்தார்கள். இவனுக்கு முழங்கால் நோ. ஆகவே உங்கை எஸ்லோன் பைப் என்போமே, அந்தப் பிவிசி குழாயைக் குறுக்கே கட்டி, இரண்டு முனையிலும் மிதவை பூட்டினான். நீர்கொழும்புப் பக்கத்து ஓரு வள்ளத்தில் ஒரு பக்கம்தான் மிதவை மரம் கட்டியிருக்கும். உங்கள் மகன் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறான். நியாயமாகச் சொன்னால் வேலை சுத்தம். மிதவை தண்ணீரில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் நிற்கிறது. கனூ சரிந்தால்தான் படும், சும்மா ஓடும்போது இழுவை இல்லை. வலிக்கிறவர் இருக்கைக்குப் பின்னால் பூட்டியிருப்பதால் துடுப்பிலும் இடிக்காது.

இரண்டாவது, தடி தாங்கி. பால் பெட்டி ஒன்றின் நாலு மூலையிலும் குழாய்த் துண்டு கட்டி, தூண்டில் தடியைச் சொருக வசதி செய்திருக்கிறான். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கத்தைய உள்நாட்டு ஏரிகளில் பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான் போடலாம். மற்ற மூன்று குழாயிலும் தேத்தண்ணிப் போத்தலும் குடையும் நுளம்பு மருந்தும் நிற்கின்றன.

மூன்றாவதை வாசித்தால் நீங்களே மெச்சுவீர்கள். கனூவில் நங்கூரம் போடுவது பொல்லாத வேலை. நடுப்பக்கத்தில் கட்டினால் காற்றுக்கும் அலைக்கும் விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும், பிறகு கவிழும். அணியத்தில் கட்டலாம் என்று எழுந்து போனால், போகிற வழியிலேயே கவிழும். இதற்கு இங்கத்தைய ஆட்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். விளிம்போடு அணியத்தில் ஒரு கப்பி, பின்பக்கத்தில் ஒரு கப்பி. இரண்டையும் சுற்றிக் கொடிக்கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு இரும்பு வளையம், அதற்குள்ளால் நங்கூரக் கயிறு போகிறது. இருந்த இடத்தில் இருந்து கொடிக்கயிற்றை இழுத்தால் வளையம் அணியத்துக்கு ஓடும், கனூ தானாகத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுக்கும். மற்றப் பக்கம் இழுத்தால் பின்னுக்கு வரும். செலவு இரண்டு கப்பியும் ஒரு சுருள் கயிறும். நங்கூரம் கோப்பி ரின்னில் வார்த்த கொங்கிறீட்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அலுவல் இல்லை.

நாலாவது, மோட்டார். துடுப்பு வலித்தால் தோள் நோகுதாம். பன்னிரண்டு வோல்ற்றில் ஓடும் சின்ன மின் மோட்டார். முழு வேகத்தில் இழுப்பது 360 வாற், மாமியின் கிரைண்டர் இதை விட வலு. இதை ஓட்ட மத்திய அரசாங்கத்தின் சோதனை பாஸ் பண்ணி அட்டை எடுக்க வேண்டும். கனூவில் பூட்டினாலும் சட்டம் சட்டம்தான். இருபத்தைந்து குதிரைவலு எஞ்சினோடு இருட்டில் கரை பிடித்த உங்களை ஒருவரும் சோதனை எழுதச் சொல்லவில்லை. உங்கள் மகன் இரவிரவாகப் படித்தான். ஏ.எல். சோதனைக்கு இப்படிப் படித்திருந்தால் மாமிக்கு அவ்வளவு நேர்த்திக்கடன் வந்திராது.

மோட்டாருக்குப் பற்றரி வேண்டும். அது இருபத்தைந்து கிலோவளவு. ஆளும் மோட்டாரும் பற்றரியும் பின்னுக்கு இருந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும். ஆகவே பற்றரி முன்னுக்குப் போனது. முன்னுக்குப் போனதும் வயர் நீண்டது. வயர் நீண்டால் வழியிலேயே வோல்ற் குறையும் என்று தடித்த வயர் வந்தது. ஒவ்வொரு திருத்தமும் அடுத்த திருத்தத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது.

பிறகு மீன் காட்டும் கருவி. அதன் கண்ணை வெளியே பூட்டத் தேவையில்லை. காற்றுக் குமிழி இல்லாமல் எப்பொக்சியால் உள்ளே ஒட்டினால், சத்த அலை கெட்டிப் பைபர் கிளாசை ஊடறுத்துப் போய் வரும். நடுவில் நுரை வைத்த கனூ என்றால் போகாது. இது போகிறது. திரையில் மீன் வடிவாகத் தெரிகிறது. தூண்டிலில் தெரிவதில்லை. அது சத்தத்தால் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, தளம் முழுக்க ரப்பர் நுரைப் பாய் ஒட்டினான். தண்ணீரில் சத்தம் காற்றை விட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகுமாம். குறடு விழுந்தால் மீனுக்குக் கேட்குமாம். குறடு விழுந்ததும் அவன் கத்துகிற கத்தலுக்கு ஒரு பாயும் இல்லை.

இதற்கு மேல் சட்டம் கேட்கிற சாமான்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஏனம், விசில். இவை நியாயமானவை. ஏரித் தண்ணீர் வைகாசியிலும் விறைக்கும். விழுந்தவன் நீந்தத் தெரிந்தவனாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

இப்போது கனூவை இரண்டு பேர் தூக்க ஏலாது. அதற்கு ஒரு சில்லு வண்டி வாங்கியாகிவிட்டது. தண்ணீரில் இறங்கியதும் அந்த வண்டியை எங்கே வைப்பது? கனூவுக்குள்தான்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். நாங்கள் போகும் கவார்த்தா ஏரிகளில் ருசியான மீன் வோல்ஐ. முழு லைசென்ஸ் இருந்தால் ஒரு நாளைக்கு நாலு வைத்திருக்கலாம், அதுவும் 35 முதல் 50 சென்ரிமீற்றர் நீளம் உள்ளது மட்டும். அதை விடச் சின்னனும் விட வேண்டும், பெரிசும் விட வேண்டும். முட்டை கூடுதலாகப் போடுகிறது பெரிசுதான் என்பதால் இந்த ஏற்பாடு. விற்கவும் கூடாது. ஒருநாள் இவனுக்கு வாழ்க்கையிலேயே பெரிய மீன் அகப்பட்டது. கரையில் நின்ற எல்லோரும் கை தட்ட, அளந்து, படம் எடுத்து, திருப்பி விட்டான். உங்களுக்கு அனுப்பியது அந்தப் படம்தான். அன்று இரவு நாங்கள் ரின் மீன் சொதி சாப்பிட்டோம்.

என் தீர்ப்பு இது. கொடிக்கயிறும் நுரைப் பாயும் இருக்கட்டும், மிதவை வேண்டுமென்றால் இருக்கட்டும். ஒரு ஆள் தோளில் தூக்கிப் போக ஏலாதது கனூ இல்லை. அவனுக்கு அது கேட்கவில்லை. அன்னபூரணி கப்பல் கதையைச் சொல்லி என் வாயை அடைக்கிறான். நம்மூரில் கட்டின கப்பல் நம்மூர் ஆட்களோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938 இல் மசாசூசெற்சின் குளொஸ்டர் துறைமுகம் வந்ததாம், அந்த ஊர் இரத்தம்தான் தனக்கும் ஓடுதாம்.

அதனால் அடுத்தது பாய். குழாயில் கொம்பு நட்டாயிற்று. பாய்க்குத் துணி தேடுகிறான். கன்வஸ் விலை கேட்டு மனம் மாறி, மாமியின் பழைய கூறைச் சேலைதான் நல்ல உறுதி என்று நேற்றுச் சொன்னான். கேட்டு ரெலிபோன் வரும். மாமியிடம் சொல்லி அலுமாரித் திறப்பை நீங்கள் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்