கல்லறை மேல் குடித்தனம்

கேள்வி: பழங்காலச் சின்னங்களுக்குப் பெரிய எதிரி பக்கத்து ஊர்க்காரர்கள்தானே?

பதில்: கள்வரும் அவர்களே, காவலரும் அவர்களே! எகிப்தில் லக்சர் நகரின் எதிர்க்கரையில் குர்னா என்று ஓர் ஊர். வீடுகள் நின்றதே பழங்காலக் கல்லறைகளின் மேல்தான். அவ்வூர் அப்துல் ரசூல் குடும்பத்துக்கு ரகசியக் குகை ஒன்று கிடைக்க, உள்ளே இருந்ததைச் சில்லறையாக விற்றுச் சில ஆண்டுகள் சுகமாகச் சாப்பிட்டார்கள். 1881-ல் குட்டு உடைந்தது. இரண்டாம் ராம்சேஸ் உட்பட 40-க்கும் மேற்பட்ட மம்மிகள்! கெய்ரோ சுங்கத்தில் மம்மிக்கு என்ன வரி என்று தெரியாமல், கருவாட்டுக் கணக்கில் வசூலித்ததாக ஒரு கதை உண்டு. மாமன்னருக்கு வந்த மரியாதை!

1940-களில் இந்த ஊரை இடம் மாற்ற, ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் மண்செங்கல்லில் அழகான புது ஊர் கட்டினார். குர்னாக்காரர்கள் பெரும்பாலும் போகவில்லை. அகழாய்வுக் கூலி, சுற்றுலா வருமானம் என்று பிழைப்பு முழுக்கப் பழைய ஊரில் இருக்கும்போது, அழகை வைத்து என்ன செய்ய? 2006 முதல் புல்டோசர் வந்து வீடுகளை இடித்தது. செத்தவர் வீட்டைக் காக்க இருப்பவர் வீட்டை இடித்ததை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.